அதிகம் பேசாத பிள்ளைக்கு எது: சிப்பா, காப்புறுதிக் கணக்கா, ஆடிட்டா?

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அக்கா மகள், மலேசியாவின் ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்திருக்கிறாள். கணக்கு, இயற்பியல் இரண்டிலும் கெட்டி. ஆனால் நான்கு பேர் கூடினால் வாய் திறக்க மாட்டாள். "இவள் எங்கே பிழைக்கப் போகிறாள்" என்று உறவுக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். அவளுக்காக மூன்று வேலைகளை அலசிப் பார்த்தேன்.

பேச்சே இல்லாத நல்ல சம்பள வேலை கிடையாது. ஆனால் பேச்சு எப்படி வருகிறது என்பதில் வித்தியாசம் உண்டு. தயார் செய்துகொண்டு பேசுவது அவளுக்குச் சிரமமில்லை. திடீரென்று யாராவது எதிரில் வந்து கேள்வி கேட்டால்தான் திணறிப் போவாள்.

இப்படிப் பார்த்தால் ஆடிட், அதாவது நிறுவனங்களின் கணக்கைத் தணிக்கை செய்யும் வேலை, அவளுக்கு ஆகாது. முதல் சில வருடங்கள் வாடிக்கையாளர் அலுவலகங்களுக்குப் போய், முன்பின் தெரியாதவர்களிடம் பில் எங்கே, ஒப்பந்தம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு நடுவில் ஏ.சி.சி.ஏ. என்ற கணக்காளர் தகுதித் தேர்வின் 13 தாள்கள் வேறு. படித்த பட்டத்தைப் பொறுத்துச் சிலவற்றுக்கு விலக்கு கிடைக்கும், அவ்வளவுதான். அதே துறையில் வரிப் பிரிவு என்றால் பரவாயில்லை.

காப்புறுதிக் கணக்கு, அதாவது ஆக்சுவரி வேலை, அவளுக்கு நன்றாகவே பொருந்தும். பிரீமியம் எவ்வளவு வைப்பது, நாளை வரப்போகும் கிளெய்முக்கு இன்றே எவ்வளவு ஒதுக்குவது என்று கணக்கிடும் வேலை இது. 2023இல் காப்புறுதி ஒப்பந்தங்களுக்கான எம்.எஃப்.ஆர்.எஸ். 17 கணக்கியல் தரம் வந்தபிறகு இவர்களுக்குப் பொறுப்பும் கூடிவிட்டது. உயர்ந்த பதவிக்குப் போனால் இயக்குநர் குழுவின் முன் நின்று விளக்க வேண்டும், ஆனால் அது கையில் குறிப்போடு பேசும் பேச்சு. தேர்வுகளை முடிக்கத்தான் பல வருடம் ஆகும். அப்புறம், இந்த வேலை பெரும்பாலும் கோலாலம்பூரில்தான்.

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை என்றாலே நம் வீடுகளில் இன்னும் ஷிப்ட் வேலையைத்தான் நினைக்கிறார்கள். 1972இல் சிப் நிறுவனமான இன்டெல் வந்த காலத்து நினைப்பு அது. இன்று அங்கே சிப் வடிவமைப்பும் நடக்கிறது. அதில் வெரிஃபிகேஷன் என்ற பிரிவு, தயாரிப்புக்குப் போகுமுன் வடிவமைப்பில் இருக்கும் தவறுகளைத் தேடுவது. டேப்-அவுட் ஆனபின், அதாவது முடிந்த வடிவமைப்பைத் தயாரிப்புக்கு அனுப்பியபின், ஒரு தவறு தெரிந்தால், திருத்தப் பல மாதமும் பெரும் பணமும் போகும். அதனால் தனியாக உட்கார்ந்து, "இது நிஜமாகவே சரியா?" என்று திரும்பத் திரும்பச் சந்தேகப்படுகிறவருக்கு அங்கே மதிப்பு அதிகம். கண்ட தவறைப் பெரும்பாலும் எழுத்தில் பதிந்தால் போதும். ஆட்களை மேய்க்காமலே பிரின்சிபல் இன்ஜினியர் வரை உயர, பல நிறுவனங்களில் தனிப் பாதையும் இருக்கிறது. ஒரு குறை, கலிபோர்னியாவோடு 15 மணி நேர வித்தியாசம் (குளிர்காலத்தில் 16). அங்கே குழு இருந்தால் அதிகாலையிலோ இரவிலோ அழைப்பு வரும். டேப்-அவுட் நெருங்கினால் தூக்கமும் குறையும்.

இருந்தாலும் நான் சிப் பக்கம்தான். யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் நிபோங் திபாலில், பட்டர்வொர்த்திலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் மின்னணுப் பொறியியலை முதலிலும் ஆக்சுவரி படிப்பை இரண்டாவதாகவும் போடச் சொல்லியிருக்கிறேன். "சரி மாமா" என்றாள். மறுநாள் காலையில் வெரிஃபிகேஷன் பற்றி ஒன்பது கேள்விகளை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியிருந்தாள்.