பிரிட்ஜ் மூடியோடு ஒன்றரை வருடம்

சென்னை நண்பன் போன வாரம் ஃபோனில் கேட்டான்: "மச்சி, உன் கிட்டார்ல வெள்ளி டப்பா மாதிரி ஒண்ணு மாட்டியிருக்கியே, நானும் வாங்கட்டுமா?" வேண்டாம்டா என்றேன். ஏன் என்று சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த வெள்ளி டப்பாதான் பிரிட்ஜ் மூடி. பிரிட்ஜ் என்பது கிட்டார் உடம்பில் கம்பிகள் தங்கும் உலோகத் தகடு. டெலிகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டார் 1951-இல் அந்தப் பெயர் வாங்கிய காலத்திலேயே, அதைத் தயாரித்த ஃபெண்டர் கம்பெனி இந்த மூடியையும் சேர்த்துத்தான் விற்றது. வாசிப்பவர்கள் அதைக் கழற்றி சிகரெட் சாம்பல் தட்ட வைத்துக்கொண்டார்கள். 'ஆஷ்ட்ரே' என்ற பெயர் அப்படி வந்ததுதான். இதைப் படித்த அன்றே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

என் கிட்டாரில் இருந்தது ஆறு சேடில் (கம்பியைத் தாங்கும் சிறு துண்டு) வைத்த தட்டை பிரிட்ஜ். மூடி கவ்விப் பிடிக்க ஓரத்தில் சுவர் வேண்டும், அது பழைய பாணி மூன்று சேடில் பிரிட்ஜில் உண்டு. மூடி வந்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது! பிரிட்ஜையும் வாங்கினேன். திருகுத் துளைகள் ஒத்துவரவில்லை. அல்சூரில் கிட்டார் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் பல்குத்தும் குச்சியை ஃபெவிகாலில் தோய்த்துப் பழைய துளைகளை அடைத்தார். "இந்த மூடிக்காகவா சார் இவ்வளவும்?" என்றார். நான் கூரையைப் பார்த்தேன்.

மாட்டியதும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சத்தம். ஆறாவது கம்பி, கழுத்தில் மூன்றாவது ஃப்ரெட் (கட்டம்), ஜி. 98 ஹெர்ட்ஸ். அந்த ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் மூடி 'ஸ்ர்ர்ர்' என்று கூடவே பாடும். பக்கத்து ஜி ஷார்ப்புக்கு வாயே திறக்காது. ஆம்ப்பில் வாசித்தால் கேட்காது. ஆனால் அபார்ட்மெண்ட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு யார் ஆம்ப் போடுவது? "அந்த டப்பாவக் கொஞ்சம் அடக்குங்க" என்று மனைவி உள்ளிருந்து குரல் கொடுப்பாள். நாற்காலிக் காலுக்கு ஒட்டும் ஃபெல்ட்டை வெட்டி ஓரத்தில் ஒட்டினேன். தடிமன் அதிகமாகி, ஜாம் ரூமில் பாதிப் பாட்டில் மூடி எகிறி டிரம்ஸ் பக்கம் போய் விழுந்தது. இப்போது சைக்கிள் ட்யூப் பட்டை. முக்கால்வாசி அடங்கியிருக்கிறது.

பாம் மியூட், அதாவது உள்ளங்கையைக் கம்பியில் லேசாக வைத்து ஒலியை அடக்கி வாசிப்பது, அடியோடு கிடையாது. உள்ளங்கை கம்பியைத் தொடவே முடியாது. கம்பி மாற்றவோ, இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி) சரிசெய்யவோ ஒவ்வொரு முறையும் மூடியைக் கழற்ற வேண்டும். சென்னை வேர்வையில் குரோம் எத்தனை நாள் தாங்கும் என்பதை அவனே யோசித்துக்கொள்ளட்டும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கை மூடியின் மேல் உட்காருவதால் கம்பியை மீட்டும் பிக் தானாகவே கழுத்துப் பக்கம் நகர்ந்துவிட்டது. பிரிட்ஜ் பக்கம் கம்பியின் ஒலியைப் பிடிக்கும் பிக்கப்பின் காதைக் கிழிக்கும் கீச்சொலி குறைந்து, சத்தத்தில் ஒரு சதைப்பிடிப்பு. இதற்காக டோன் குமிழை எத்தனை வருடம் திருகியிருப்பேன்! இரண்டு மாதம் முன்பு கம்பி மாற்றியபோது மூடியை மாட்டாமல் விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் சேடில் திருகுகள் உள்ளங்கையைச் சுரண்டி, சிவப்பாக இரண்டு கோடு. அன்று ராத்திரியே எடுத்து மாட்டிவிட்டேன், 'ஸ்ர்ர்ர்' உட்பட.

இப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இதையெல்லாம் எழுதி அனுப்பியதும் நண்பன் பதில் போட்டான்: "அப்போ உன்னோடதக் குடுத்துடு."

தரமாட்டேன்.