இருட்டறை என்லார்ஜரில் எல்இடி பல்பு: ஒரு மதிப்பீடு
ஓபல் டங்ஸ்டன் பல்புகள் (பால்வெள்ளைக் கண்ணாடி கொண்ட பழைய இழை பல்புகள்) அரிதாகிவரும் இந்நாளில், நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் அச்சிட உதவும் கருவியான என் கண்டென்சர் வகை (லென்ஸ்களால் ஒளியைக் குவிக்கும்) என்லார்ஜரில் பால்வெள்ளைக் கோள வடிவ எல்இடி பல்பு ஒன்றைப் பொருத்தி அச்சிட்டுப் பார்த்தேன். வெப்பம் வெகுவாகக் குறைந்துவிட்டதால், நீண்ட எக்ஸ்போஷரில் (தாளில் ஒளி விழும் நேரத்தில்) நெகட்டிவ் சூடேறி வளைந்து ஃபோகஸ் நழுவும் தொல்லை இல்லை. இதற்காகவே இதை மனமார வரவேற்கிறேன்.

கான்ட்ராஸ்ட் (அச்சில் கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாடு) விஷயத்தில்தான் நிதானம் தேவை. இல்ஃபோர்டு மல்டிகிரேடு போன்ற, ஒளியின் நிறத்துக்கேற்ப கான்ட்ராஸ்ட் மாறும் அச்சுத் தாள்களில் நீல ஒளி கான்ட்ராஸ்டைக் கூட்டும், பச்சை ஒளி குறைக்கும். வெள்ளை எல்இடியின் ஒளியோ 450 நானோமீட்டர் அருகே நீலத்தில் உச்சம் தொட்டு, 480-ஐ ஒட்டிச் சரிந்து, பச்சை மஞ்சளில் மீண்டும் எழுவதால், டங்ஸ்டன் ஒளிக்கென வகுக்கப்பட்ட 00 (மிகக் குறைந்த கான்ட்ராஸ்ட்) முதல் 5 (மிக அதிகம்) வரையிலான ஃபில்டர்கள் அதே கான்ட்ராஸ்ட் படிநிலைகளைத் தரும் என்று நம்பிவிட முடியாது. ஸ்டெப் வெட்ஜ் (படிப்படியாக அடர்த்தி கூடும் சோதனை ஃபிலிம் துண்டு) வைத்து ஒவ்வொரு ஃபில்டருக்கும் சோதனை அச்சு எடுத்து, சாம்பல் படிகளை எண்ணிப் பார்ப்பதே வழி.

ஒளிப் பரவலையும் சோதிக்க வேண்டும்: நெகட்டிவ் இல்லாமல் தாளை வெளிர்சாம்பலாக அச்சிட்டால், மூலைகள் வெளுத்திருக்கின்றனவா என்பது உடனே தெரியும். என் பல்பில் மூலைகள் சீராகவே இருந்தன. ஆனால் டைமர் அணைத்த பின்னும் அது கணநேரம் மினுங்குகிறது; ஆகவே அந்த மினுங்கல் அச்சைப் பெரிதாகப் பாதிக்காதபடி, லென்ஸின் அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) சுருக்கி, எக்ஸ்போஷரைப் பத்து நொடிக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது.