மழைநீரா, ஆமை இரத்தமா: நடுக்கடலில் தாகம் தீர்க்கும் இரு வழிகள்

எஞ்சின் பழுதாகி நடுக்கடலில் அடித்துச் செல்லப்படும் சிறு படகில், பசியை முந்திக்கொண்டு தாகமே உயிருக்கு உலை வைக்கிறது. 2012 நவம்பரில் மெக்சிகோவின் சியாபாஸ் கரையிலிருந்து சுறா பிடிக்கப் புறப்பட்டு, 2014 ஜனவரி இறுதியில் மார்ஷல் தீவுகளின் எபோன் பவளத்தீவில் கரையேறிய எல் சால்வடார் மீனவர் ஹோசே சால்வடார் அல்வரெங்கா, மழைநீரையும் ஆமை இரத்தத்தையும் குடித்தே பிழைத்ததாகக் கூறினார்.

மழைநீரில் உப்பு அநேகமாக இல்லையாதலால், குடித்தது முழுவதும் உடலுக்குப் பயன்படுகிறது. ஐயமின்றி அதுவே மேலானது. ஆனால் அது பெய்யும் நாள் யார் கையிலும் இல்லை. பெய்தாலும் பிடித்துவைக்கப் பாத்திரம் வேண்டும். படகில் படிந்த உப்பை முதல் மழையில் கழுவிவிட்ட பிறகே பிடிக்கவும் வேண்டும். அலையில் மிதந்துவந்த பிளாஸ்டிக் புட்டிகளை அல்வரெங்கா பொறுக்கிச் சேர்த்தது இதற்காகத்தான்.

ஆமை கிடைத்தால், மழை பொய்த்த நாளிலும் இரத்தம் கைகொடுக்கும். அதன் உப்பு கடல்நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்பதால், கடல்நீரைப் போல அது உடலை வறட்சியில் தள்ளுவதில்லை. எனினும் இரத்தத்தில் நிறைந்துள்ள புரதம் செரிக்கும்போது உண்டாகும் யூரியாவை வெளியேற்றச் சிறுநீரகம் நீரைச் செலவிடுவதால், குடித்ததில் ஒரு பகுதியே தாகத்துக்கு மிஞ்சுகிறது. உறைவதற்குள் குடித்தாகவும் வேண்டும். அருவருப்பும் சிறிய தடையன்று: உடன் சென்ற இளைஞர் பச்சைப் பறவை இறைச்சியால் நோயுற்று, பின்னர் உணவையே மறுத்து இறந்ததாக அல்வரெங்கா தெரிவித்தார்.