எக்ஸ்ஆர்எஃப் கன் சோதனைச் சேவை: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஃபிளாஞ்ச், வால்வு பாடி வாங்கும்போது குடோனுக்கே வந்து எக்ஸ்ஆர்எஃப் கன் (எக்ஸ்-கதிர் பாய்ச்சி உலோகத்தில் என்னென்ன தனிமங்கள் எவ்வளவு என்று காட்டும் கைக்கருவி) வைத்துப் பார்த்துக் கொடுக்கும் சேவைக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304 ரக எஸ்எஸ் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிக்கல் குறைந்த 202 ரகத்திலும் ஒட்டாது. நல்ல சிஎஃப்8எம் வார்ப்பிலோ (316 ரகத்தின் வார்ப்பு வடிவம்) லேசாக ஒட்டும்!

கன் சில நொடிகளில் உண்மையைச் சொல்லிவிடும். நிக்கல் 8 சதவீதத்துக்கு மேல், மாங்கனீசு 2-க்குள் என்றால் 304. நிக்கல் 4 முதல் 6, மாங்கனீசு 7.5-க்கு மேல் என்றால் அது 202. மாலிப்டினம் 2 முதல் 3 காட்டினால்தான் 316. பெயின்ட், துரு, எண்ணெய் மேல் வைத்தால் அளவு தப்பும். தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிய இடத்தில், ஒரே பீஸில் இரண்டு மூன்று முறை எடுக்கச் சொல்லுங்கள்.

பெரிய குறை, இந்தக் கன்னுக்குக் கார்பன் தெரியாது. 316-ஐயும், கார்பன் குறைந்த 316எல்-ஐயும் அது பிரிக்காது. வெல்டிங் செய்யப்போகும் பாகத்தில் கார்பன் 0.03 சதவீதத்தைத் தாண்டினால் வெல்டுக்குப் பக்கத்திலேயே அரிக்க வாய்ப்பு அதிகம். கார்பனை அளக்க ஸ்பார்க் ஓஇஎஸ் சோதனைதான் (தீப்பொறி ஏற்றி அதன் ஒளியைக் கருவியால் அளப்பது). என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேபில் கொடுங்கள்.

சர்டிஃபிகேட் 3.1 (தயாரிப்பாளர் தரும் பொருள் சோதனைச் சான்று) என்றால் அதிலுள்ள ஹீட் நம்பரைப் (எந்த உருக்குத் தொகுதி என்று காட்டும் எண்) பாகத்தில் பொறித்ததோடு ஒத்துப் பாருங்கள். பழைய நம்பரைத் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருந்தால் அந்த இடம் சற்றுப் பள்ளமாக, வேறு பளபளப்பில் இருக்கும். அப்படியொரு பீஸ் கண்டால் லாட்டையே திருப்பி அனுப்புங்கள்.