பொங்கல் முடிந்த ஞாயிறு, ஜி.எஸ்.டி. சாலையில்

சென்னையிலிருந்து தெற்கே போகும் தேசிய நெடுஞ்சாலைதான் ஜி.எஸ்.டி. சாலை. முன்பெல்லாம் திண்டிவனத்தில் பஸ் ஏறினால் அந்த வழியில் இரண்டு மணி நேரத்தில் தாம்பரம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது மனப்பாடக் கணக்கு. மதுராந்தகம் ஏரிக்கரையில் காற்று முகத்தில் அடிக்கும். பாலாற்றுப் பாலம் வந்ததும் ஜன்னலோரம் இருப்பவர்கள் தண்ணீர் ஓடுகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். செங்கல்பட்டு தாண்டியதும் பாதிப் பேர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். "பெருங்களத்தூர், தாம்பரம் எல்லாம் முன்னாடி வா" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். இறங்கி ரோட்டைத் தாண்டினால் மின்சார ரயில். கல்லூரி நாட்கள் முழுக்க நான் சென்னைக்குள் நுழைந்த வழி இதுதான். டொரண்டோவில் குடியேறிய பிறகும், ஊருக்கு வந்தால் இந்த வழியில் ஒருமுறையாவது பஸ்ஸில் போய்விட வேண்டும் என்று இருக்கும்.

2025 பொங்கலுக்கு ஊரில் இருந்தேன். செவ்வாய்க்கிழமை பொங்கல், பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமையையும் அரசு விடுமுறை என்று அறிவித்துவிட்டதால் ஞாயிறு வரை தொடர்ந்து லீவு. போனவர்கள் எல்லாரும் திங்கள் காலை வேலைக்கு நிற்க வேண்டும். ஆக, தென் மாவட்டங்களுக்குப் போன கூட்டம் மொத்தமும் அந்த ஞாயிற்றுக்கிழமையே இந்த ஒரே ரோட்டில் திரும்பும் என்பது காலண்டரைப் பார்த்தாலே தெரியும். எனக்கும் வேறு வழியில்லை. மறுநாள் விடியற்காலை விமானம். அம்மாவைக் குரோம்பேட்டையில் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு அங்கிருந்து கிளம்புவதாக ஏற்பாடு.

பரனூர் சுங்கச்சாவடிக்கு வெகு முன்பே பஸ் நின்றுவிட்டது. அங்கிருந்து ஊர்ந்து ஊர்ந்து சிங்கப்பெருமாள்கோவில் வரும்போதே இருட்டிவிட்டது. முன்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிவப்பு விளக்குகள். எட்டு வழி ரோடு, எட்டும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. இடது ஓரத்தில் போக வேண்டிய பைக்குகள் மண்ணில் இறங்கிப் போகின்றன. சர்வீஸ் ரோட்டில் கார்கள் எதிர்த்திசையில் வருகின்றன. ஆம்புலன்ஸ் ஒன்று எங்களுக்குப் பின்னால் வெகுநேரம் கத்திக்கொண்டே இருந்தது. டிரைவர் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்புகிறார், ஒதுங்க இடமில்லை. பிறகு அந்தச் சத்தம் எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை. பஸ்ஸில் போக வேண்டும் என்றால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார். அம்மா மட்டுமா? எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்கும் பயணம் என்றால் முதல் ஏற்பாடே தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான். அன்றைக்கும் அப்படித்தான் வந்தார். இருந்தும் மறைமலைநகர் தாண்டும்போது என் கையைப் பிடித்து, "எங்கயாவது நிறுத்தச் சொல்லுப்பா" என்றார். கேட்பதற்கே அவருக்குக் கூச்சம், முகம் வியர்த்திருந்தது. கண்டக்டரிடம் போய் மெதுவாகச் சொன்னேன். அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி எங்கயும் போயிடாது சார், கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்" என்றார்.

இறங்கியாயிற்று. எங்கே போவது? ஒரு பக்கம் நடு ரோட்டுத் தடுப்புச் சுவர், இன்னொரு பக்கம் சர்வீஸ் ரோடு, அதற்கு அப்பால் பூட்டிக் கிடக்கும் கடைகள். இத்தனை லட்சம் பேர் போய்வரும் தேசிய நெடுஞ்சாலையில், நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்வைக்கு எட்டிய வரை ஒரு பொதுக் கழிப்பறை இல்லை. ஒரு டீக்கடை மட்டும் திறந்திருந்தது. கல்லாவில் இருந்த அம்மாள் எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "வாங்கம்மா, பின்னாடிதான் வீடு" என்று முன்னால் நடந்தார். குறுகலான சந்து, தகரக் கதவு. பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்து, பல்பைப் போட்டு, "படி ஒண்ணு இருக்கு, மெதுவா வைங்க" என்று அம்மாவின் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டார். நான் பணம் நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். "பண்டிகைன்னா வந்து கேப்பாங்க சார். பொம்பளைங்க வேற எங்க போவாங்க?"

நாங்கள் திரும்பி வந்தபோது பஸ் ஒரு கடை தூரம்தான் நகர்ந்திருந்தது.

இதைக் கனடாவில் என்னோடு வேலை செய்பவர்களிடம் சொன்னால் நெரிசலைப் பற்றித்தான் பேசுவார்கள். நெரிசல் அவர்களுக்கும் எனக்கும் புதிதல்ல. டொரண்டோவில் 401 நெடுஞ்சாலை சில இடங்களில் பதினெட்டு வழி. மாலை நேரத்தில் அதுவும் நிற்கும். என்னை உறுத்தியது வேறு. ஒரு வயதான பெண்மணியின் மானம் முன்பின் தெரியாத ஒரு டீக்கடைக்காரம்மாவின் நல்ல மனசை நம்பித்தான் இந்த ரோட்டில் இருக்கிறது. அந்த ரோட்டுக்கு வண்டிக்கு வண்டி காசு வாங்குகிறார்கள்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் லேப்டாப் பையோடு ஒரு பையன். செல்போனில் மேப்பைப் பார்த்துக்கொண்டே வந்தவன், "அங்கிள், பொத்தேரில இறங்கிடுங்க. ரோட்டுக்குப் பக்கத்துலயே ஸ்டேஷன். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்னு யாருக்கும் தெரியாது" என்றான். அவன் சொன்னபடியே இறங்கினோம். எங்கள் பஸ்ஸிலிருந்தே ஒரு கூட்டம் மூட்டை முடிச்சோடு இறங்கியது. முன்னால் நின்ற பஸ்களிலிருந்தும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நடைமேம்பாலப் படிகள்தான் அம்மாவுக்குக் கஷ்டம். ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறினார். மேலே நின்று பார்த்தால் இரண்டு திசையிலும் பஸ்களும் கார்களும் அசையாமல் கிடக்கின்றன. அவற்றை ஒட்டினாற்போல் தண்டவாளம் காலியாக ஓடுகிறது.

டிக்கெட் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு டீயின் விலைதான் ஆகியிருக்கும். ரயில் வந்தது, ஏறினோம், அம்மாவுக்கு ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் என்று வரிசையாக நின்று, அரை மணி நேரத்துக்குள் தாம்பரம். வழியில் கிளாம்பாக்கம் புதிய பஸ் நிலையத்தின் விளக்குகள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பளிச்சென்று தெரிந்தன. ரயில் அங்கே நிற்கவில்லை. நிற்க அப்போது ஸ்டேஷன் இல்லை.

என் கோபமெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் வந்து நிற்கிறது. கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டியது 2019 பிப்ரவரியில். திறந்தது 2023 டிசம்பர் 30-ஆம் தேதி. ஏறத்தாழ 88 ஏக்கர், 390 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. கட்டடத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஊருக்குப் போகும்போது அங்கேதான் ஏறினோம், விசாலமாக, சுத்தமாக இருந்தது. ஆனால் எந்தத் தண்டவாளத்தை ஒட்டி அதைக் கட்டினார்களோ, அந்தத் தண்டவாளத்தில் வைக்க வேண்டிய ஸ்டேஷன் திறக்கும் நாளில் கையில் இல்லை. அந்த ஸ்டேஷனுக்காகச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் ரயில்வேக்குக் கட்டிய தொகை 20 கோடி. பஸ் நிலையச் செலவில் இருபதில் ஒரு பங்கு! வேலையே 2024-இல்தான் தொடங்கியது. ஸ்டேஷனிலிருந்து ஜி.எஸ்.டி. சாலைக்கு மேலாக நிலையத்துக்குள் வர வேண்டிய ஆகாய நடைபாதையும் அந்தப் பொங்கலுக்கு முடிந்திருக்கவில்லை. வீட்டைக் கட்டிக் குடிபுகுந்த பிறகு கிணறு வெட்ட ஆள் தேடுகிற வேலை இது. விமான நிலையம் வரை 2016-லேயே வந்துவிட்ட மெட்ரோவை இன்னும் பதினைந்து கிலோமீட்டர் நீட்டினால் கிளாம்பாக்கம். அந்தத் திட்டமும் காகிதத்தில் இருந்தது.

கோயம்பேட்டிலும் இதுதானே நடந்தது? 2002-இல் பஸ் நிலையம் திறந்தார்கள். அங்கே மெட்ரோ ஓடியது 2015-இல். இடைப்பட்ட காலம் முழுக்க விடிகாலையில் பெட்டியோடு இறங்கியவர்கள் ஆட்டோக்காரர் சொன்ன விலைக்குத் தலையாட்டினார்கள். அதைப் பார்த்த பிறகும் அதே வரிசையில்தான் செலவு செய்திருக்கிறோம்.

இரவு தங்கச்சி வீட்டில் சாப்பிடும்போது மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. "கிளாம்பாக்கம் வரலேன்னா அத்தனை பஸ்ஸும் பெருங்களத்தூர், தாம்பரம்னு ஊருக்குள்ள வந்திருக்கும் மச்சான். ரெண்டு வருஷம் முன்னாடி நீங்க இங்க இருந்திருந்தா தெரியும்" என்றார். தினம் இந்த ரோட்டில் வேலைக்குப் போகிறவர். அவர் பேச்சைத் தள்ள முடியாது. பஸ் நிலையத்தை வெளியே கொண்டுபோனது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. வெளியே கொண்டுபோகிறவர்கள், இறங்குகிற ஆளை உள்ளே கொண்டுவர முதலில் வழி செய்திருக்க வேண்டும். நாங்கள் டொரண்டோவுக்குக் கிழக்கே இருக்கிறோம். எங்கள் வீட்டுப் பக்கத்து டவுன் பஸ் ரயில் நேரத்துக்குத்தான் ஓடும், ஸ்டேஷன் வாசலில்தான் நிற்கும். 2024 பிப்ரவரியிலிருந்து ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் இரண்டாவது முறை காசு வாங்குவதில்லை. இதற்கு ஒன்றும் பெரிய தொழில்நுட்பம் தேவைப்படவில்லை. ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள்.

அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். 401-இன் நெரிசலுக்கு மாற்றாகக் கட்டிய 407 சுங்கச் சாலையை 1999-இல், தேர்தல் நெருங்கும் நேரத்தில், 99 வருஷக் குத்தகைக்குத் தனியாருக்குக் கொடுத்தது, டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாண அரசு. தொகை 310 கோடி கனடிய டாலர். என் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அந்தக் குத்தகை ஓடும். கட்டணம் கட்டுப்படியாகாமல் என்னைப் போன்றவர்கள் நெரிசலிலேயே நிற்கிறோம், பக்கத்தில் 407 காலியாகக் கிடக்கிறது. 2024-இல் ஒன்டாரியோ முதலமைச்சர் 401-க்கு அடியில் சுரங்கச் சாலை தோண்டலாம் என்று அறிவித்தார். ரோட்டுக்குப் பணம் ஒதுக்கும் முடிவைத் தேர்தல் கணக்கோடு எடுத்தால் எந்த ஊரிலும் ஜனங்கள்தான் நடுரோட்டில் நிற்பார்கள். அதை அங்கே தினமும் அனுபவிக்கிறவன் என்பதால்தான் இங்கே பார்த்ததும் பொறுக்கவில்லை.

சுங்க வசூல் விஷயமும் அப்படியே. பரனூரைப் பற்றி இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறை 2023 அறிக்கையில் எழுதியிருக்கிறது: 2019 ஆகஸ்ட் முதல் 2020 ஜூன் வரை அந்தச் சாவடியைக் கடந்த வண்டிகளில் பாதிக்கும் மேல் கட்டண விலக்குப் பெற்றவை என்று கணக்கில் இருந்தன. அந்த ரோட்டில் போகிற யாரையாவது கேளுங்கள், இரண்டில் ஒரு வண்டிக்குக் கட்டணம் இல்லையா என்று! போட்ட முதல் வசூலானதும் கட்டணத்தை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்று 2008 தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் ஒரு வரி இருந்தது. 2023-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். வருஷா வருஷம் விலைவாசியைக் காட்டிக் கட்டணம் மட்டும் ஏறுகிறது. தாமதத்துக்கும் நம் காசுதான். சென்னையில் மதுரவாயல்–துறைமுகம் மேம்பாலச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டியபோது மதிப்பு 1,815 கோடி. 2012-இல் நிறுத்தி, 2022-இல் மறுபடி அடிக்கல் நாட்டும்போது 5,800 கோடிக்கு மேல். நின்றுபோன வருஷங்களுக்கான விலையை நாம்தான் கட்டுகிறோம்.

இந்தச் சுங்கப் பணத்தில் பரனூருக்கும் வண்டலூருக்கும் நடுவில் சில இடங்களிலாவது, ரோட்டின் இரண்டு பக்கமும், தண்ணீர் வருகிற, கதவு மூடுகிற, இரவில் விளக்கு எரிகிற பெண்கள் கழிப்பறை கட்ட முடியாதா? மேம்பாலம் வரட்டும், மெட்ரோ வரட்டும்; அவை வருவதற்குள் எத்தனை பொங்கல், எத்தனை தீபாவளி போகும்? இதற்கு நிலம் எடுக்க வேண்டியதில்லை, உலக வங்கியில் கடன் வாங்க வேண்டியதில்லை.

அடுத்த பண்டிகைக்கு வருகிறவர்களுக்கு: பெரியவர்களோடு திரும்புவதாக இருந்தால் செங்கல்பட்டிலேயே இறங்கி மின்சார ரயில் பிடியுங்கள். பல பஸ்கள் ஊருக்குள் போகாமல் பைபாஸிலேயே போய்விடும். ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தவறிவிட்டால் காட்டாங்கொளத்தூர், பொத்தேரி இரண்டும் ரோட்டோரம்தான். பெட்டியைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள், படி ஏற வேண்டும். மறுநாள் விமானம் என்றால் ஞாயிற்றுக்கிழமையை நம்பாதீர்கள், சனிக்கிழமையே கிளம்பிவிடுங்கள்.