எத்தனை வண்டிகள், எந்தெந்த வண்டிகள்: விபத்தை முன்கணிக்க இரு வழிகள்

ஒரு சாலையில் எவ்வளவு விபத்து நேரக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, அங்கே ஓடும் வண்டிகளின் மொத்தத்தை மட்டும் பார்ப்பது. மற்றது, அந்த மொத்தத்துக்குள் மோட்டார் சைக்கிளும் காரும் லாரியும் என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதையும் பார்ப்பது.

முதல் வழி எளிது. மக்கள்தொகை, வண்டிகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டையே கொண்டு ஒரு நாட்டின் சாலை மரணங்களைக் கணிக்கும் சூத்திரத்தை 1949-இல் பிரிட்டனின் புள்ளியியலாளர் ஸ்மீட் வெளியிட்டார். நாடு முழுமைக்கும் ஒரு தோராயம் வேண்டுமானால் அது உதவும். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையின் ஒரு குறிப்பிட்ட வளைவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நம் மலேசியப் பொறியாளர்கள் ஒரு காரை ஓர் அலகாகக் கொண்டு எல்லா வண்டிகளையும் கார் அலகாக மாற்றி எண்ணும்போது, சமிக்ஞை விளக்குச் சந்திப்பில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு 0.33 அலகுதான் கிடைக்கிறது. அது வண்டி அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவேயன்றி, ஓட்டுபவரின் உயிருக்குள்ள ஆபத்தின் அளவன்று. மலேசியச் சாலைகளில் இறப்போரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்னும்போது, அவர்களை மூன்றிலொரு காராக எண்ணி ஆபத்தைக் கணிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே என் தேர்வு இரண்டாவது வழியே. ஆனால் விகிதத்தை மட்டும் நம்பினாலும் ஏமாந்துவிடுவோம். கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களிலிருந்தே மோட்டார் சைக்கிள்களுக்குத் தனித்தடம் உண்டு; லாரியோடு உரசிச் செல்ல வேண்டிய ஒரு சாலையிலும் இங்கேயும் விகிதம் ஒன்றாகவே இருந்தாலும் ஆபத்து ஒன்றாகாது. என் தம்பி கிள்ளானிலிருந்து கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு மோட்டாரில் வேலைக்கு வருகிறான். தனித்தடம் முடிந்து காரோடும் லாரியோடும் கலக்கும் இடத்தில்தான் அவனுக்கு நெஞ்சு படபடக்கும். மாலை மழையில் மேம்பாலத்தடியில் நாற்பது, ஐம்பது பேர் ஒதுங்கி நின்று மழையுடை மாட்டும்போது, பின்னால் வரும் லாரியின் விளக்கொளி ஈரச் சாலையில் நீண்டு தெரியும் என்பான்.

கணக்கு முறையிலும் கவனம் தேவை. பெரும்பாலான சாலைத் துண்டுகளில் விபத்தே இராது, சிலவற்றில் மட்டும் குவியும். இப்படிச் சிதறிய எண்களுக்குப் சராசரியும் சிதறலும் சமம் என்று கொள்ளும் பாய்சான் (Poisson) முறையைவிட, சிதறல் சராசரியை மிஞ்சவும் இடம்தரும் எதிர்மறை ஈருறுப்பு (negative binomial) முறையே பொருந்தும். தரவிலிருந்து தானே கற்கும் கணினிக் கற்றல் முறைகள் வண்டி வகைகளுக்கிடையிலான சிக்கலான உறவுகளைப் பிடித்துவிடும் என்றாலும், காரணத்தைத் தெளிவாகச் சொல்லாத கணிப்பை வைத்துக்கொண்டு எந்தத் தடத்தை எங்கே நீட்டுவது என்று முடிவெடுப்பது கடினம்.

எந்த முறையானாலும், நாள் முழுவதற்குமான சராசரி போதாது. காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிள்கள் நெருக்கும் அதே சாலையில் நள்ளிரவில் கொள்கலன் லாரிகள் ஓடுகின்றன. வண்டிகளை வகை பிரித்து மணிக்கணக்கில் எண்ணி, மழை பெய்த மணிகளைத் தனியே குறித்தால்தான், அந்த மேம்பாலத்தடியில் ஒதுங்கி நிற்பவர்கள் கணக்குக்குள் வருவார்கள்.