ட்ரில் பிரஸ்ஸுக்கு எண்ணெயா, மெழுகா?

ட்ரில் பிரஸ், அதாவது தூணில் நிற்கும் துளையிடும் இயந்திரம். அதன் வார்ப்பிரும்பு மேசையும் எஃகுத் தூணும் துருப்பிடிக்காமல் இருக்க இரண்டு வழிகள்: மெஷின் ஆயிலை மெல்லியதாகத் தடவலாம், அல்லது பேஸ்ட் மெழுகு பூசித் துணியால் தேய்க்கலாம். எதுவானாலும் முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. துளையிட்டபோது விழுந்த உலோகச் சுருள்களைக் கையால் தொடாமல் பிரஷ்ஷால் தள்ளுங்கள். விரலைக் கத்தி மாதிரி கிழித்துவிடும்.

எண்ணெய் தடவ ஒரு நிமிடம் போதும், இடுக்குகளிலும் இறங்கும். ஆனால் மரத்தூள் பட்டால் கஞ்சி மாதிரிக் குழைந்து தூணில் அப்பிக்கொள்ளும். அப்புறம் மேசையை ஏற்றி இறக்கினால் முரண்டு பிடிக்கும். மேசையில் வைக்கும் பலகையிலும் கறை. அதன்மேல் வார்னிஷ் சரியாகப் பிடிக்காது.

மெழுகுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். சற்று உலரவிட்டுத் தேய்த்தால் தூசி ஒட்டாத வழவழப்பு கிடைக்கும். அந்த வழவழப்புதான் அதன் குறையும்: துளையிடப்படும் பொருள் எளிதில் நழுவும். கிளாம்ப் போட்டு இறுக்காமல் கையால் பிடிக்கும் பழக்கம் இருந்தால் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சிலிகான் கலந்த மெழுகும் வேண்டாம், பின்னால் பெயிண்டில் குழி குழியாகக் காட்டும்.

மரவேலைதான் அதிகம் என்றால் என் ஓட்டு மெழுகுக்கு. இரும்பே துளைக்கிறீர்களா? எண்ணெயே சரி.

இரண்டுமே போகக்கூடாத இடங்கள் உண்டு. பெல்ட்டில் பட்டால் வழுக்கும். சக் (துளையிடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) உட்காரும் கூம்புத் தண்டு எண்ணெய்ப் பசையின்றிச் சுத்தமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓடும்போதே சக் கழன்று விழலாம்.